கல்லூரி முடித்த கையோடு வேலை தேடல்: அடைப்பு எந்தப் படியில்?

#1 · புதுவழி

வணக்கம். படித்தது புள்ளியியல், இளநிலை. தேடுவது டேட்டா அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங், ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட் மாதிரியான தொடக்கநிலை வேலைகள். பத்து வாரத்தில் 64 விண்ணப்பம் போயிருக்கிறது. 3 அழைப்பு வந்தது, ஆஃபர் இல்லை. ரெஸ்யூமே இரண்டு பக்கம், இணையத்தில் கிடைத்த இரண்டு பத்தி டெம்ப்ளேட்.

திருத்த வேண்டியது ரெஸ்யூமேயா, இன்டர்வியூவா? விண்ணப்பங்களைக் கூட்டுவதா, குறைப்பதா? இந்த நிலையில் முதுநிலைப் படிப்புக்குப் போவது சரியா? நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, விவரமாகச் சொல்லுங்கள்.

#2 · கணக்கேடு

64-க்கு 3 என்றால் அடைப்பு இன்டர்வியூவுக்கு முன்னாலேயே இருக்கிறது. தேடலை நான்கு வாசலாகப் பிரித்துப் பாருங்கள்: அனுப்பியது, முதல் அழைப்பு, அடுத்த சுற்று, ஆஃபர். எந்த இரண்டு வாசலுக்கு நடுவே எண்ணிக்கை சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். அழைப்பே வரவில்லை என்றால் ரெஸ்யூமே சரியில்லை, அல்லது பொருந்தாத வேலைகளுக்குப் போடுகிறீர்கள். எச்.ஆர். பேசியதோடு நின்றுபோனால் பெரும்பாலும் சம்பள எதிர்பார்ப்பு, இடமாற்றம், சேரும் தேதி இவற்றில் ஒன்று இடித்திருக்கும். டெஸ்ட் எழுதிய பிறகு நின்றால் அது திறன் பயிற்சி. கடைசிச் சுற்று வரை போய்ப் போய்த் திரும்பினால் நீங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், முறையை மாற்றாமல் தொடருங்கள்.

இன்றைக்கே ஒரு எக்செல் தாள் திறந்து இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: நிறுவனம், பதவிப் பெயர், விளம்பரம் வந்த தேதி, அனுப்பிய தேதி, எந்த வழி (தளம், நேரடி இணையப்பக்கம், தெரிந்தவர்), எந்த ரெஸ்யூமே பதிப்பு, பதில், அடுத்து செய்ய வேண்டியது. விளம்பரத்தை அப்படியே பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது அந்தப் பக்கம் எடுக்கப்பட்டிருக்கும், என்ன கேட்டிருந்தார்கள் என்றே தெரியாமல் பேச வேண்டி வரும்.

புள்ளியியல் படித்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 64-இல் 3 என்பதற்கு 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 1%-இலிருந்து 13% வரை. அவ்வளவு அகலம். ரெஸ்யூமேயை மாற்றி 20 அனுப்பி ஒன்றும் வரவில்லை என்றதும் மறுபடி மாற்றாதீர்கள். உண்மையான விகிதம் 5% இருந்தால்கூட 20-இல் ஒன்றுமே வராமல் போக 36% வாய்ப்பு உண்டு. ஒரு பதிப்புக்குக் குறைந்தது 40 விண்ணப்பமாவது கொடுங்கள்.

#3 · அச்சுக்கோப்பு

இரண்டு பத்தி டெம்ப்ளேட் என்று படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். முதலில் அதைச் சோதியுங்கள், இரண்டு நிமிட வேலை.

ரெஸ்யூமே பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேட் மாதிரி வெறும் எழுத்து மட்டும் காட்டும் செயலியில் ஒட்டுங்கள். நிறுவனங்கள் விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்கப் பயன்படுத்தும் ஏடிஎஸ் மென்பொருள் உங்களைக் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. அங்கே வரிகள் ஒழுங்காக, மேலிருந்து கீழாகப் படிக்க வந்தால் சரி. இடப்பத்தியின் பாதி வரியும் வலப்பத்தியின் பாதி வரியும் கலந்து வந்தால், "2022 எக்செல் கல்லூரி 2025 பைதான்" என்கிற மாதிரி ஒரு குழம்புதான் உள்ளே போகிறது.

வழக்கமாகக் கெடும் இடங்கள்: பெயரையும் தொலைபேசி எண்ணையும் வேர்டின் ஹெடர் பகுதியில் போடுவது (சில மென்பொருள் அதைப் படிப்பதே இல்லை), டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், தொலைபேசி எண்ணுக்கு முன்னால் போடும் குட்டிப் படங்கள், டிசைன் செயலியிலிருந்து படமாக ஏற்றுமதி ஆன பிடிஎஃப். கடைசியாகச் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது, உள்ளே போவது வெற்றுத்தாள். லாடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்பவர்களுக்கு இன்னொன்று: எஃப், ஐ இரண்டும் ஒட்டி ஒரே உருவாக மாறும்போது சில எழுத்துருக்களில் நகலெடுத்தால் அந்த இடம் காலியாக வரும். 'சர்டிஃபிகேட்' என்கிற ஆங்கிலச் சொல் நடுவில் உடைந்துவிடும், தேடலில் சிக்காது.

ஒரே பத்தி, ஒரே பக்கம், 10 அல்லது 11 புள்ளி எழுத்து, தெளிந்த தலைப்புகள்: கல்வி, புராஜெக்ட், அனுபவம், திறன்கள். தேதி எழுதும் முறை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கருவி, படிப்புப் பெயர்களின் சுருக்கத்தையும் விரிவையும் ஒரு முறையாவது சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் தேடுபவர் எதைத் தட்டுவார் என்று தெரியாது. பைதான் 4 நட்சத்திரம், எக்செல் 80% என்று கோடு போடுவதை எடுத்துவிடுங்கள். எதில் 80%? படிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

விளம்பரத்தில் உள்ள சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கச் சொல்லி ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். பிரித்தெடுத்த எழுத்தைத் திரையில் பார்க்கும் எச்.ஆருக்கு அது பளிச்சென்று தெரியும், உங்கள் நேர்மை அங்கேயே போய்விடும்.

#4 · வாசல்படி

அச்சுக்கோப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஏடிஎஸ் தானாகவே எல்லோரையும் தூக்கி எறிகிறது என்கிற பயம் மிகை. தானாக நிராகரிப்பு நடப்பது பெரும்பாலும் படிவத்தில் வரும் ஆம்/இல்லை கேள்விகளில்தான்: இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா, இடம் மாறச் சம்மதமா, ஷிஃப்ட் சம்மதமா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா. ஒன்றுக்கு அவசரத்தில் தவறாகத் தட்டினால் ரெஸ்யூமேயை யாரும் திறக்கவே மாட்டார்கள். 64 விண்ணப்பத்திலும் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் கொடுத்தீர்கள் என்று நினைவிருந்தால் பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேள்வியை முழுசாகப் படித்துத் தட்டுங்கள் என்கிறேன். "அனுபவம்" என்று மட்டும் கேட்டு இன்டர்ன்ஷிப், புராஜெக்ட் சேருமா என்று சொல்லாத இடத்தில் 0 போடாமல், இன்டர்ன்ஷிப் மாதங்களைக் கணக்கில் எடுத்து, ரெஸ்யூமேயில் அதே மாதங்களைக் காட்டுங்கள்.

#5 · புதுவழி

நோட்பேட் சோதனை செய்தேன். பெயரே வரவில்லை. ஹெடரில்தான் இருந்திருக்கிறது. திறன்கள் பத்தி முழுவதும் கல்விக்கு நடுவே சிதறி வந்தது. ஒரே பத்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இறுதியாண்டு புராஜெக்ட் பற்றிய வரி இப்போது இப்படி இருக்கிறது: "கல்லூரி நூலகத் தரவைப் பயன்படுத்தி எக்செல் மற்றும் பைதான் மூலம் பகுப்பாய்வு மேற்கொள்ளப்பட்டு முடிவுகள் சமர்ப்பிக்கப்பட்டன. குழுப்பணி." இது போதுமா?

#6 · மையொற்றி

போதாது. இதைப் படித்தால் யார் செய்தார்கள், எவ்வளவு செய்தார்கள், என்ன ஆயிற்று, எதுவுமே தெரியவில்லை. "மேற்கொள்ளப்பட்டு", "சமர்ப்பிக்கப்பட்டன" என்று எழுதும்போது செய்தவர் வரியை விட்டே வெளியே போய்விடுகிறார். நான்கு கேள்விக்கு இங்கே பதில் போடுங்கள்:

தரவு எத்தனை வரி, எத்தனை ஆண்டுக்கானது? அதில் என்ன குப்பை இருந்தது, எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? குழுவில் உங்கள் கையால் செய்தது எது? முடிவை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள்?

#7 · புதுவழி

மூன்று கல்வியாண்டின் இரவல் பதிவுகள், 41,000 வரி. ஒரே புத்தகம் நான்கு விதமான எழுத்துக்கூட்டில் பதிவாகி இருந்தது, திரும்பிய தேதி பல இடங்களில் காலி. பைதானில் சுத்தம் செய்தது, மாத அறிக்கை செய்தது நான். கணக்கெடுப்புப் படிவம் மற்ற இருவர். எந்தப் பாடநூலுக்குக் கூடுதல் பிரதி வாங்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தோம், நூலகர் அதை வைத்து 18 தலைப்புகளுக்கு ஆர்டர் போட்டார்.

#8 · மையொற்றி

நூலகர் ஆர்டர் போட்டாரா! அதுதான் முதலில் வர வேண்டியது, அதைத்தான் விட்டுவிட்டீர்கள். இப்போது பாருங்கள்:

"மூன்று ஆண்டு நூலக இரவல் பதிவுகளை (41,000 வரி) பைதான், பாண்டாஸ் கொண்டு சுத்தம் செய்து, மாறுபட்ட எழுத்துக்கூட்டில் இருந்த தலைப்புகளை ஒன்றாக்கினேன். தட்டுப்பாடுள்ள பாடநூல்களின் பட்டியலைத் தயாரித்தேன். அதன் அடிப்படையில் நூலகம் 18 தலைப்புகளுக்குக் கூடுதல் பிரதி வாங்கியது."

ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசை: செய்த வினை, அளவு, கருவி, விளைவு. இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். "குழுப்பணி" என்ற சொல் தேவையில்லை. இன்டர்வியூவில் "மற்ற இருவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டார்கள், தரவு என் பொறுப்பு" என்று சொன்னாலே குழுப்பணி தெரிந்துவிடும்.

எண் இல்லாத வேலைக்கு எண்ணை இட்டுக்கட்டாதீர்கள். "செயல்திறனை 30% உயர்த்தினேன்" என்று எழுதினால் அடுத்த கேள்வி "எப்படி அளந்தீர்கள்?" என்பதுதான். அளவு தெரியாவிட்டால் எத்தனை பேர், எத்தனை வாரம், எத்தனை கோப்பு என்று எண்ணக் கூடியதை எழுதுங்கள்.

அப்புறம், அந்தப் புராஜெக்ட்டை, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடும்போது மாணவர் பெயர், பதிவு எண் எல்லாம் நீக்கிவிட்டு, நூலகத்தின் அனுமதி கேட்டபின் போடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அதே அமைப்பில் போலித் தரவு உருவாக்கி நிரலை மட்டும் காட்டலாம். ரீட்மீ கோப்பில் நான்கு பத்தி போதும்: கேள்வி என்ன, தரவு எப்படிப்பட்டது, எப்படி இயக்குவது, என்ன தெரிந்தது. ஒரு வரைபடம் இருந்தால் மேலேயே வையுங்கள்.

#9 · விரைவுவண்டி

எல்லோரும் மெருகேற்றச் சொல்கிறீர்கள். என் கருத்து வேறு. தொடக்கநிலை வேலைக்கு நூற்றுக்கணக்கானோர் போடுகிறார்கள். பல இடங்களில் முதலில் வந்த குவியலில் போதுமான ஆட்கள் கிடைத்ததும் மீதியைத் திறப்பதில்லை. எனவே வேகம் முக்கியம். தளங்களில் அலர்ட் வைத்து, விளம்பரம் வந்த இரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேயைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் பேருந்து போய்விடும்.

#10 · கணக்கேடு

வேகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வேகத்துக்காகப் பொருத்தத்தை விட வேண்டியதில்லை. மூன்று அடிப்படை ரெஸ்யூமே செய்து வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்: ஒன்று டேட்டா அனலிஸ்ட், ஒன்று ரிப்போர்ட்டிங், ஒன்று ஆபரேஷன்ஸ். உள்ளடக்கம் ஒன்றுதான், வரிகளின் வரிசை மட்டும் மாறும். ஒரு விளம்பரத்துக்கு 15 நிமிடம் போதும்: கட்டாயம் என்று சொன்ன தகுதிகளை எடுத்து, அவற்றில் உங்களிடம் இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். "இருந்தால் நல்லது" என்ற பட்டியலுக்காகப் பின்வாங்காதீர்கள், அது விருப்பப் பட்டியல். கட்டாயத் தகுதியில் பாதிக்கு மேல் இருந்தால் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் அந்த 15 நிமிடத்தை வேறு இடத்தில் செலவழிப்பது மேல்.

வாரத்துக்கு 12 முதல் 15 வரை இப்படிப் போகலாம். ஒரே பட்டனில் அனுப்பும் வசதியைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய ரெஸ்யூமே அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் திருத்தியது போகாது.

#11 · பாலம்

விண்ணப்பப் பெட்டியை மட்டும் நம்பி இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது, அதுதான் எனக்குக் கவலை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7%. எப்போதாவது என்றவர்கள் 55.6%, அரிதாக என்றவர்கள் 27.8%. கேட்கப்பட்டவர்கள் 54 பேர்தான், சின்ன மாதிரி. ஆனால் 2022-இல் லிங்க்ட்இன்னில் 2 கோடி பயனர்களை வைத்துச் செய்த பெரிய சோதனையும் அதே திசையைத்தான் காட்டியது: மிக நெருக்கமானவரும் இல்லை, முற்றிலும் அந்நியரும் இல்லை, ஓரளவு தெரிந்தவர்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டு மூத்த மாணவருக்கு, புராஜெக்ட்டை மதிப்பிட வந்த வெளி ஆசிரியருக்குத் தெரிவது வேறு.

யார் யாரென்று இன்று ஒரு பட்டியல் எழுதுங்கள்: துறையின் மூத்த மாணவர்கள், இன்டர்ன்ஷிப் மேற்பார்வையாளர், அந்த நூலகர். ஆம், அவரும்தான். உங்கள் வேலையைப் பயன்படுத்தியவர் அவர், பரிந்துரைக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வேலை கேட்காதீர்கள், விவரம் கேளுங்கள். செய்தி இவ்வளவு போதும்:

"வணக்கம் அண்ணா. நம் துறையில் இந்த ஆண்டு முடித்தேன். நீங்கள் ரிப்போர்ட்டிங் பிரிவில் இருப்பதை லிங்க்ட்இன்னில் பார்த்தேன். தொடக்கநிலையில் சேருபவர் முதல் ஆறு மாதம் என்ன செய்வார், எந்தத் திறன் அதிகம் உதவும் என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் பேச முடியுமா? வியாழன் அல்லது வெள்ளி மாலை உங்களுக்கு வசதியா?"

ரெஸ்யூமேயை இதோடு இணைக்க வேண்டாம். பேசி முடித்ததும் "நான் வேறு யாரிடமாவது பேசலாமா?" என்று ஒரு கேள்வி. மறுநாள் நன்றி. பதில் வராவிட்டால் ஏழு நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். பேசியவர் இருக்கும் இடத்தில் காலியிடம் வந்தால் அப்போது ரெஃபரல் (உள்ளே இருப்பவர் செய்யும் பரிந்துரை) கேட்கலாம், விளம்பர எண்ணையும் ரெஸ்யூமேயையும் சேர்த்தே அனுப்பினால் அவருக்கு வேலை மிச்சம். ஒன்று முக்கியம்: பல நிறுவனங்களில் நீங்களே விண்ணப்பித்த பிறகு ரெஃபரல் போட முடியாது. கேட்டுவிட்டு அப்புறம் போடுங்கள்.

#12 · புதுவழி

ரொம்ப நன்றி. மூன்று அழைப்பில் இரண்டில் டெஸ்ட் இருந்தது, இரண்டிலும் அதோடு முடிந்தது. எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி) கேள்விகள். எங்கே பொதுவாகத் தப்பு நடக்கும்?

#13 · வரிசைஎண்

தொடக்கநிலை டெஸ்டில் திரும்பத் திரும்ப மாட்டும் இடங்கள் நான்கைந்துதான்.

முதலாவது, லெஃப்ட் ஜாயின், அதாவது இடப்பக்க அட்டவணையின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு இன்னொரு அட்டவணையை இணைப்பது. இடப்பக்க அட்டவணையில் உள்ள எல்லா வாடிக்கையாளரும் வர வேண்டும் என்று லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க அட்டவணையின் தேதிக்கு, வரிகளை வடிகட்டும் 'வேர்' (where) பகுதியில் நிபந்தனை வைப்பார்கள். ஆர்டரே போடாதவருக்கு அந்தத் தேதி நல் (null), அதாவது மதிப்பே இல்லை. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை ஆகாது, எனவே அவர் வெளியேறிவிடுகிறார். எழுதியது லெஃப்ட் ஜாயின், கிடைத்தது இரண்டு பக்கமும் பொருந்தியவர் மட்டும் வரும் இன்னர் ஜாயின். நிபந்தனையை, எப்படி இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' (on) பகுதிக்கு மாற்றினால் சரியாகும். "ஆர்டர் போடாதவர்களையும் 0 என்று காட்டு" என்ற கேள்வி வந்தால் இதைத்தான் சோதிக்கிறார்கள்.

நல்லைச் சமக்குறி போட்டுத் தேடுவது இன்னொரு பிழை, 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும். கவுன்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் எல்லா வரியையும் எண்ணும், நெடுவரிசைப் பெயர் போட்டால் நல்லை விட்டுவிடும். மேலே சொன்ன 0 கேள்வியில் நட்சத்திரம் போட்டால் 0-க்குப் பதில் 1 வரும். ஒன்றுக்குப் பல என்று இணையும் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துவிட்டுக் கூட்டுத்தொகை எடுத்தால் ஒரே தொகை பல முறை கூடும். விடை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் முதலில் வரிகளை எண்ணுங்கள்.

எக்செல் டெஸ்ட் என்றால், பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப்பின் நான்காவது மதிப்பைக் காலியாக விடாதீர்கள். விட்டால் தோராயப் பொருத்தம் எடுத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தாத பட்டியலில் தவறான விடையைப் பிழைச் செய்தி இல்லாமல் கொடுக்கும். 0-இல் தொடங்கும் குறியீட்டு எண்களில் முன்னால் உள்ள 0 திறந்தவுடன் காணாமல் போகும், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லி இறக்குமதி செய்ய வேண்டும்.

தினம் ஒரு மணி நேரம், மூன்று வாரம். விடையைப் பார்க்காமல், வெறும் தாளில் எழுதிவிட்டு அப்புறம் இயக்கிப் பாருங்கள். பல டெஸ்ட்களில் தானாக நிரப்பும் வசதி இருக்காது.

#14 · எதிர்இருக்கை

இன்டர்வியூ பற்றி. இப்போது பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் என்ற முறையில் நடக்கிறது. வெறும் அரட்டையைவிட இந்த முறை வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது ஆய்வில் நிலைபெற்ற விஷயம், 2022-இல் பணி உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட் குழுவினர் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோதும் அதுவே முன்னணியில் வந்தது. உங்களுக்கு இதில் என்ன? எதிரே இருப்பவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு நான்கையும் அவர் தேடுகிறார். ஒன்று விடுபட்டால் மதிப்பெண் குறையும்.

ஆறு நிகழ்வுகளை எழுதி வையுங்கள்: கடினமான பிரச்சினை ஒன்றைத் தீர்த்தது, தவறு செய்து திருத்தியது, கருத்து வேறுபாடு, கெடு நெருங்கியது, புதிதாகக் கற்றது, மற்றவருக்கு விளக்கியது. ஒவ்வொன்றும் வாய்விட்டுச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள். சூழலுக்கு இருபது வினாடி, செய்ததற்கு ஒரு நிமிடம். புதியவர்கள் சூழலிலேயே இரண்டு நிமிடத்தைக் கழித்துவிடுகிறார்கள். "நாங்கள்" என்று தொடங்கினால் "அதில் நான்" என்று ஒரு முறையாவது வர வேண்டும்.

உங்கள் நூலகப் புராஜெக்ட்டிலேயே மூன்று நிகழ்வு இருக்கிறது. திரும்பிய தேதி காலியாக இருந்தபோது என்ன முடிவு எடுத்தீர்கள்? நீக்கினீர்களா, கணித்து நிரப்பினீர்களா, ஏன்? இதை யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். "நீக்கினேன்" என்பது பதில் இல்லை. காலியாக இருந்தவை ஒரே மாதத்தில் குவிந்திருந்தனவா என்று பார்த்ததாகச் சொன்னால் அதுதான் பதில்.

வீடியோ என்றால் கேமரா கண் உயரத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துவிடும். அழைப்பு இணைப்பை முந்தின நாளே திறந்து மைக் சோதியுங்கள். நேரம் எந்த நேர மண்டலத்தில் என்று மெயிலில் உறுதி செய்யுங்கள்.

#15 · விழிப்பு

இந்த நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், திருப்பித் தரும் வைப்பு, எந்தப் பெயரில் வந்தாலும் நிறுத்துங்கள். செக் அனுப்பி "சாதனம் வாங்க, மீதியைத் திருப்பி அனுப்பு" என்பதும் அதுவே: செக் சில நாள் கழித்துத் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பியது போனதுதான்.

மெயில் வந்தால் முகவரியின் அட்-குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மோசடி மெயிலில் அது நிறுவனத்தின் உண்மைப் பெயரோடு 'கேரியர்ஸ்', 'எச்ஆர்' என்று ஒட்டு சேர்த்த தளப்பெயராக இருக்கும். பதில் போகும் முகவரி வேறாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹூ-இஸ் தேடலில் அந்தத் தளப்பெயர் எப்போது பதிவானது என்று தெரியும், பல ஆண்டு பழைய நிறுவனத்துக்கு மூன்று வாரத் தளப்பெயர் இருக்காது. அந்த வேலை நிறுவனத்தின் சொந்த இணையப்பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களாகத் தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பிய இணைப்பு வழியாக அல்ல. அடையாள அட்டை நகலும் வங்கி விவரமும் கையெழுத்திட்ட ஆஃபருக்குப் பிறகுதான்.

#16 · புதுவழி

முதுநிலை பற்றி யாரும் சொல்லவில்லையே.

#17 · மையொற்றி

விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்பதற்காகப் போகாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ரெஸ்யூமே சிக்கலோடு, கூடுதல் செலவோடு அதே வரிசையில் நிற்பீர்கள்.

முடிவெடுக்க ஒரு வழி: ஐந்து ஆண்டில் நீங்கள் இருக்க விரும்பும் பதவிக்கு 20 விளம்பரங்களை எடுத்து, முதுநிலை கட்டாயம் என்று எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலானவற்றில் இருந்தால் படிப்பது நியாயம், உயிர்ப் புள்ளியியல் அல்லது ஆராய்ச்சிப் பக்கம் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்றில்தான் என்றால் வேலையில் சேர்ந்து பிறகு யோசிக்கலாம். படிக்க முடிவெடுத்தாலும் அந்தத் துறையின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இன்னில் ஒரு பத்துப் பேரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். துறை வெளியிடும் கையேட்டைவிட அது நம்பகமானது.

இடையில் வேறு வழிகளும் உண்டு. ஆறு மாத ஒப்பந்த வேலை, சம்பளம் உள்ள இன்டர்ன்ஷிப், தரவு உள்ளீடு இருக்கும் அலுவலகப் பணி. கடைசியாகச் சொன்னதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். கையால் செய்யும் மாத அறிக்கையைத் தானாக ஓடும்படி மாற்றிக் கொடுத்தால் அது நீங்கள் தேடும் வேலைக்கு நேரான சான்று. சம்பளமே இல்லாத, முடிவுத் தேதியும் இல்லாத "அனுபவ வாய்ப்பு" மட்டும் வேண்டாம்.

#18 · எதிர்இருக்கை

ஆஃபர் வரும்போது அவசரத்தில் படிக்காமல் போய்விடக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன். பார்க்க வேண்டியவை: மொத்தத்தில் நிலையான சம்பளம் எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்து மாறுவது எவ்வளவு. புரொபேஷன் எத்தனை மாதம், அதற்குள் நோட்டீஸ் எத்தனை நாள், முடிந்தபின் எத்தனை நாள். சேரும் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். பயிற்சிச் செலவுக்கு பாண்ட் (குறித்த காலத்துக்குள் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) உண்டா, தொகை மாதா மாதம் குறையுமா, கடைசி நாள் வரை முழுத் தொகையா. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவதுதான் முறை. பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால் தற்காலிகச் சான்றிதழ் போதுமா, கெடு எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

வாய்மொழியில் சொன்ன எதுவும் கடிதத்தில் இல்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் கைக்கு வரும் வரை மற்ற இன்டர்வியூக்களை நிறுத்த வேண்டாம்.

#19 · புதுவழி

ஒரே ஒரு கேள்வி. ஒரு இடத்தில் ஆஃபர் கொடுத்து இரண்டு நாளில் பதில் கேட்கிறார்கள், இன்னொரு இடத்தில் கடைசிச் சுற்று அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்வோம். என்ன எழுதுவது?

#20 · எதிர்இருக்கை

இரண்டு மெயில். ஆஃபர் கொடுத்தவருக்கு முதலில்:

"ஆஃபருக்கு மிக்க நன்றி, இந்தப் பணியில் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது. நிபந்தனைகளை முழுமையாகப் படித்து உறுதியான பதில் தர, வரும் 14-ஆம் தேதி மாலை வரை அவகாசம் கிடைக்குமா?"

தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், "கொஞ்சம் நேரம்" என்று கேட்காதீர்கள். மற்ற நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டியதில்லை. அவர்களாகக் கேட்டால் இன்னொரு தேர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை.

அடுத்தவருக்கு:

"எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, 14-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பணியில் ஆர்வம் அதிகம் என்பதால் இறுதிச் சுற்றை அதற்கு முன் நடத்த வாய்ப்பு உண்டா என்று கேட்கிறேன்."

உண்மையில் ஆஃபர் வராமல், வந்ததாகச் சொல்லி இதை எழுதாதீர்கள், கடிதத்தைக் காட்டச் சொல்வார்கள். முதலாமவர் அவகாசம் தர மறுத்து, இரண்டாமவர் முன்தள்ள முடியாது என்றால், கையில் இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுங்கள்: இந்த வேலை தனியாக வந்திருந்தால் சேர்ந்திருப்பீர்களா? ஆம் என்றால் கையெழுத்திட்டு, அன்றைக்கே மற்ற இடத்துக்கு விலகுவதாக மெயில் போடுங்கள்.

#21 · புதுவழி

தெளிவாகிவிட்டது. புதிய ஒரு பக்க ரெஸ்யூமே நோட்பேடில் பெயரோடு, வரிசையாக வருகிறது. மூத்த மாணவர்கள் ஒன்பது பேர், நூலகர் ஒருவர் என்று பட்டியல் போட்டாயிற்று. முதல் செய்தி நூலகருக்குப் போயிருக்கிறது. 40 விண்ணப்பம் முடிந்ததும் எக்செல் எண்ணிக்கையை இதே இழையில் போடுகிறேன்.

#22 · கணக்கேடு

போடுங்கள். எந்த வழியில் வந்த அழைப்பு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள், அதைத்தான் முதலில் பார்ப்பேன்.